நல்ல கட்சிக்காரர் யார்?

பிறருடைய தொழில் துணையை நாடிச் செல்வோரைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள. மருத்துவரிடம் செல்வோரை நோயாளி என்கிறோம். கடைக்குத் தவறாது வந்து பொருள் கொள்வோரை வாடிக்கைக்காரர் என்கிறோம். வழக்கறிஞரிடம் தம் வழக்கை ஒப்புவிப்போரைக் கட்சிக்காரர் என்கிறோம். இம்மூவரும் ஒரு தன்மையர் அல்லர். நோயாளி தம் உடம்பை ஒப்புவிக்கிறார். வாடிக்கைக்காரர் தம் பணத்தைக் கொடுத்துப் பண்டத்தைப் பெறுகிறார். கட்சிக்காரரோ தம் பெயரையும் மானத்தையும் மற்றொருவர் நாவில் வைக்கிறார்.

இக்காலத்தில் மக்கள் தொடர்பு நிலையங்கள் என்பன நம் நகரில் பெருகியுள்ளன. நம் கல்லூரியை விட்டு வெளியேறும் இளைஞர் சிலர் அங்குப் பணிக்குச் செல்கின்றனர். பழைய மாணவர் சிலர் வணிகராகவும், மருத்துவமனைத் தலைவராகவும், பள்ளி நடத்துவோராகவும் இருந்து அந்நிலையங்களின் உதவியை நாடுகின்றனர். ஆதலின், இத்தொழிலில் நல்ல கட்சிக்காரர் யார் என்னும் வினா இரு திறத்தாருக்கும் உரியது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மக்கள் தொடர்பு என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் பெரும்பாலும் முதன்முதல் படித்தது திரைப்படக் கொட்டகையிலேயாம். படம் தொடங்குமுன் ஓடும் பெயர் வரிசையில் இச்சொல்லும் ஒன்று. தியாகராய நகரை அடுத்த கோடம்பாக்கத்தில் இத்தொழிலுக்கு வழி வகுத்தவராகக் கருதப்படுபவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் அவர்கள். 1958-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்திற்கு அவர் ஆற்றிய பணியிலிருந்தே தமிழ்த் திரையுலகில் இத்தொழிலின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 2016-இல் மறைந்த அப்பெரியாரை இன்று எதற்காக நினைக்கிறோம்? படங்களைப் புகழ்ந்தமைக்காக அன்று. எந்தப் படம் எவ்வாண்டு வந்தது, யார் யார் அதில் உழைத்தனர் என்னும் செய்திகளையும் நிழற்படங்களையும் பல்லாண்டு விடாது திரட்டி வைத்தமைக்காகவே நினைக்கிறோம். அத்தொகுப்பைத் தமிழ்நாட்டு அரசே பெற்றுக்கொண்டது. மெய்ச் செய்தியைச் சேர்த்து வைப்பதும், கேட்டவர்க்குப் பிழையின்றித் தருவதுமே இத்தொழிலின் வேர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

விளம்பரத்திற்கும் மக்கள் தொடர்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறியார். விளம்பரம் செய்வோர் பத்திரிகையில் இடத்தை விலைக்கு வாங்குகின்றனர். வாங்கிய இடத்தில் சட்டத்துக்கு உட்பட்டுத் தாம் விரும்பியதை அச்சிடுவிக்கின்றனர். மக்கள் தொடர்பாளரோ இடத்தை வாங்குவதில்லை. அவர் ஒரு செய்தியைப் பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டு செல்கிறார். ஆசிரியர் அதனை ஏற்கலாம், சுருக்கலாம், திருத்தலாம், குப்பைக் கூடையிலும் இடலாம். ஏற்றுக்கொண்டால், படிப்போர் அதனை விளம்பரமாகக் கொள்ளாமல், நடுநிலையாளர் ஒருவர் ஆராய்ந்து வெளியிட்ட செய்தியாகவே கொள்கின்றனர். இதன் மதிப்பு அதனால் மிகுகிறது. இதன் பொறுப்பும் அதனால் மிகுகிறது.

மற்றொரு வழியும் உண்டு. பம்பாயில் 1893-இல் காசிநாதுனி நாகேசுவர ராவ் அவர்களால் தொடங்கப்பெற்று, பின்னர் மயிலாப்பூரில் நிலைபெற்ற அமிர்தாஞ்சன நிறுவனத்தின் கதையைப் பலர் கேட்டிருப்பர். தொடக்கத்தில் அவர் இசைக் கச்சேரிகளுக்கு வந்தோர்க்கு அத்தைலத்தை இலவசமாகவே வழங்கினார். தலைவலி தீர்ந்தவர் தாமே அடுத்தவரிடம் சொன்னார். தைலத்தில் குணம் இல்லையெனின், இலவசமாய்க் கொடுத்ததே அதன் பெயரைக் கெடுத்திருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. பொருளை மக்கள் கையில் கொடுத்துத் தீர்ப்பையும் அவரிடமே விட்டுவிடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். லஸ் பகுதியிலுள்ள நாகேசுவர ராவ் பூங்காவில் மாலை வேளையில் உலவுவோர், அப்பெயர் விளம்பரத்தால் மட்டும் நிலைத்ததன்று என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, மக்கள் தொடர்பு நிலையத்தின் மூலதனம் யாது? கட்டடமோ கருவியோ அன்று. பத்திரிகையாளர் அதன் சொல்லின்மீது வைத்துள்ள நம்பிக்கையே. ஆண்டு பலவாக ஈட்டிய அந்நம்பிக்கையைக் கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்நிலையம் சிறிது சிறிதாகக் கடன் கொடுக்கிறது. மெய்யுரைக்கும் கட்சிக்காரர் அக்கடனை வட்டியுடன் திருப்பித் தருகிறார். பொய்யுரைப்பவர் முதலையும் அழித்துவிடுகிறார். அவர் ஒருவர் செய்த அழிவு, அந்நிலையத்தைச் சார்ந்த மற்றக் கட்சிக்காரர் அனைவரையும் தாக்குகிறது. நேற்றுப் பொய் கொண்டுவந்த கையினின்று இன்று வரும் மெய்யை எவரும் வாங்கார் அன்றோ?

இத்தொழிலுக்கு ஒழுக்க விதிகள் இல்லாமல் இல்லை. அனைத்துலக மக்கள் தொடர்புச் சங்கத்தார் 1965-இல் ஏதென்ஸ் நகரில் ஒரு நெறித் தொகுப்பை ஏற்றனர். 1968 ஏப்ரல் 21 அன்று டில்லியில் கூடிய அகில இந்திய மாநாட்டில் நம் நாட்டு மக்கள் தொடர்பாளரும் அதனை ஏற்றுக்கொண்டனர். அதன் நினைவாகவே அந்நாள் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் இவ்விதிகள் எல்லாம் தொழில் செய்வோரைக் கட்டுவன. தொழிலாளரை அமர்த்துவோராகிய கட்சிக்காரரைக் கட்டும் நெறித் தொகுப்பு எதுவும் அங்கு ஏற்கப்படவில்லை. கத்தியைப் பிடிப்பவருக்கு விதி உண்டு. இன்ன இடத்தில் அறுக்க என்று கட்டளையிடுபவருக்கு விதி இல்லை. இக்குறையைக் கட்சிக்காரரின் மனச்சான்று ஒன்றே நிரப்பக்கூடும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம்: “குற்றம் சாட்டப்பட்ட எவனுக்கும் வழக்கறிஞர் உண்டு. கொலை செய்தான் எனப்படுவோனுக்கும் வாதாட ஒருவர் வருகிறார். அவ்வாறாயின் மக்கள் மன்றத்தில் மட்டும் நல்லவருக்கே வாதாட வேண்டும் என்பது என்ன நியாயம்?” வழக்கறிஞர் பலரைப் பெற்றெடுத்த மயிலாப்பூருக்கு இது பழக்கமான வாதமே. இதற்கு விடை காண்பது அரிதன்று. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கும் ஒரு வழக்கறிஞர் உண்டு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் உண்டு. இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்பளிக்க நீதிபதி உண்டு. ஒரு பக்கத்தார் மிகைபடக் கூறினும் மற்றப் பக்கத்தார் அதனைக் குறைத்து விடுவர். மக்கள் மன்றத்திலோ இவை யாவும் இருக்கும் என்னும் உறுதி இல்லை. ஆலை முதலாளிக்குத் தொடர்பாளர் இருப்பார். ஆலைப் புகையை உண்ணும் தெருவினருக்கு இரார். மருந்து செய்வோருக்கு இருப்பார்; அதனை உட்கொள்ளும் கிழவிக்கு இரார். எதிர்வாதம் செய்ய ஒருவரும் இல்லாத மன்றத்தில் பேசுவோர், எதிரியின் நியாயத்தையும் தம் நெஞ்சில் தாமே வைத்துக்கொண்டு பேசல் வேண்டும். நீதிமன்றத்தில் நீதிபதி சுமக்கும் பாரத்தில் ஒரு பங்கு இங்கே கட்சிக்காரரின் தோள்மேல் விழுகிறது. நல்ல கட்சிக்காரர் இப்பாரத்தைத் தமதென்று ஏற்றுக்கொள்பவரே. ஏனைய குணங்கள் எல்லாம் இதினின்று கிளைப்பன.

இதனை விளக்க, ஒரே வாரத்தில் உலகின் இரு கோடிகளில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

முதலாவது நம் சென்னையில் நிகழ்ந்தது. பாரி, பின்னி என்னும் வெள்ளையர் வணிக நிறுவனங்களோடு ஒப்ப எண்ணப்பட்டது ஆர்பத்நாட் கம்பெனி. அதன் பெயர் ஒன்றே பத்திரமெனக் கருதி, வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளைப் பலர் அதனிடம் வைத்திருந்தனர். உள்ளே பள்ளம் விழுந்துவிட்டது. வெளியே பெயர் மட்டும் பெரிதாய் நின்றது. லண்டனில் அதனோடு இணைந்திருந்த மாக்பேடியன் என்பார் ஊக வாணிபத்தில் பெரும்பொருள் இழந்து உயிர் துறந்தார். 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. பணம் போட்டோர் கதவின்முன் நின்ற பின்பே உண்மை வெளிப்பட்டது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவ்வழக்கில் பணம் இழந்தோர்க்காக உழைத்தவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் பாங்கு ஒன்று வேண்டும் என்று அவரும் நண்பரும் முயன்றதன் பயனாக, 1907 மார்ச்சு 5 அன்று இந்தியன் பாங்கு பதிவு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு 15 அன்று தொழில் தொடங்கியது. இராயப்பேட்டையில் இன்று தலைமை நிலையம் கொண்டுள்ள அப்பாங்கு, மறைத்த மெய்யின் சாம்பலினின்று முளைத்த மரமாகும்.

இரண்டாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஆர்பத்நாட் கதவடைத்த ஆறாம் நாள், 1906 அக்டோபர் 28 அன்று, அட்லாண்டிக் சிட்டி என்னும் ஊரருகே பென்சில்வேனியா ரயில்வேயைச் சார்ந்த வண்டியொன்று பாலத்தினின்று நீரில் வீழ்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்தை மூடி மறைப்பதும், செய்தியாளரை அண்டவொட்டாது விரட்டுவதுமே அக்காலத்து ரயில்வேக்களின் வழக்கம். அந்த ரயில்வே ஐவி லீ என்னும் முன்னாள் பத்திரிகையாளரை ஆலோசகராகக் கொண்டிருந்தது. மறைக்க வேண்டா என்பது லீயின் அறிவுரை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தனர். செய்தியாளரை விபத்து நிகழ்ந்த இடத்துக்கே அழைத்துச் சென்றனர். பத்திரிகைகளுக்கு விடுக்கும் அறிக்கை என்று இன்று நாம் வழங்கும் முறைக்கு அதனையே முன்மாதிரியாகப் பலர் கூறுவர். மாண்டவர் மீளவில்லை, ஆயினும் ரயில்வேயின் சொல்லை மக்கள் நம்பக்கூடிய நிலை மீந்தது.

சென்னையில் மறைவு, அட்லாண்டிக் சிட்டியில் திறப்பு. ஆனால் நாம் கருதும் பாடம் இவ்வளவோடு முடியவில்லை. லீயைப் புகழ்ந்து இக்கதையை நிறுத்திக்கொள்வோர் பலர். அவர் வரலாற்றின் அடுத்த ஏட்டையும் புரட்டுதல் வேண்டும்.

1913-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அங்கிருந்த பெரிய கம்பெனி ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. தொழிலாளர் கூடாரமிட்டுத் தங்கியிருந்த லட்லோ என்னும் இடத்தில் 1914 ஏப்ரல் 20 அன்று துப்பாக்கிச் சூடும் தீயும் நிகழ்ந்தன. கூடாரத்தடியில் தோண்டிய குழியொன்றில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மாண்டனர். நாடெங்கும் சினம் மூண்டது. ராக்பெல்லர் அதே ஐவி லீயை அமர்த்தினார். லீ சிறு சிறு வெளியீடுகளை அச்சிட்டுப் பரப்பினார். தொழிலாளர் தலைவர் பெற்ற ஊதியம் முதலியவற்றைப் பற்றி அவற்றில் கண்ட கணக்குகள் பொய்யாயின. 1915-இல் விசாரணைக் குழுவின்முன் லீ அழைக்கப்பட்டபோது, கம்பெனியார் கொடுத்த செய்திகளைத் தாம் ஆராய்ந்து பார்க்கவில்லை என்பது வெளிப்பட்டது. எந்தப் பத்திரிகையாசிரியரும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று 1906-இல் உலகுக்கு உறுதி கூறியவர், ஒன்பது ஆண்டுக்குள் தாமே சரிபாராதவராய் நின்றார்.

அறிவு மாறவில்லை, எழுத்து வன்மை மாறவில்லை, மனிதரும் அவரே. மாறியவர் கட்சிக்காரர். ரயில்வேயார் வாயிலைத் திறந்தனர். தொடர்பாளரின் சொல் மெய்யாயிற்று. சுரங்கக் கம்பெனியார் தமக்கு வேண்டிய கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தனர். தொடர்பாளரின் சொல் பொய்யாயிற்று. லீயின் குற்றத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆராயாது எழுதியது அவர் பிழையே. ஆயினும், கிணற்றில் உள்ள நீரே வாளியில் வரும். மக்கள் தொடர்பு நல்லதோ தீயதோ என்று பொதுப்பட வினவுவோர்க்கு இக்கதையே விடையாகும்.

இவ்வடிப்படையைக் கொண்டு நல்ல கட்சிக்காரரின் இலக்கணத்தை வகுப்போம்.

முதலாவது, அவர் தம் தொடர்பாளரிடம் முழு மெய்யையும் முன்னதாகவே கூறுவார். மருத்துவரிடம் நோயை மறைத்தல் எத்துணைப் பேதைமையோ, அத்துணைப் பேதைமை இவரிடம் குறையை மறைத்தல். எல்லாவற்றையும் ஊருக்கு உரைக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். தொழில் மறைபொருள் உண்டு; பிறர் மானம் காத்தலும் உண்டு. எதனை வெளியிடுவது, எதனை வெளியிடாமல் விடுவது என்று தொடர்பாளர் முடிவு கூறவேண்டுமாயின், எல்லாம் அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். “இது பற்றி இப்போது கூறுதற்கில்லை” என்பது மெய். “அவ்வாறு ஒன்றும் இல்லை” என்பது பொய்யாகலாம். உள்ளதை அறியாதவர் இரண்டினுள் எதனைச் சொல்வது என்று எவ்வாறு அறிவார்?

இரண்டாவது, அவர் சொல்லுக்கு முன்னே செயலை வைப்பார். அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தை எண்ணிப் பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் அது தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் அங்குப் பணிபுரிய வந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-இல் மறையும் வரையில் தம் வாழ்நாளை அந்நிலையத்திற்கே ஈந்தார். 2005-இல் மகசேசே விருதும் பெற்றார். ஏழை நோயாளியையும் புறந்தள்ளாத பணியே அந்நிலையத்தின் பெயரைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது. இத்தகைய கட்சிக்காரருக்குத் தொடர்பாளர் புகழ் தேடித் தருதல் வேண்டுவதில்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் தீர்க்கலாம் என்னும் செய்தியை மக்கள் செவியில் சேர்த்தால் போதும். அச்செய்தியை நம்புவதற்குரிய காரணம் முன்னரே ஈட்டப்பட்டுள்ளது. செயல் இல்லாதவிடத்துச் சொல்லைப் பெருக்குதல் விதையில்லா நிலத்துக்கு நீர் இறைப்பது போலும்.

மூன்றாவது, அவர் ‘கூடாது’ என்னும் சொல்லைக் கேட்கும் பொறுமை உடையவராவார். தம்மை இடித்துரைக்கும் பெரியாரைத் துணையாகக் கொள்ளுதல் அரசர்க்கு வேண்டும் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். மாதந்தோறும் பொருள் கொடுத்து ஒருவரை ஆலோசகராக அமர்த்திவிட்டு, அவரிடமிருந்து ‘ஆம்’ என்பதை மட்டும் எதிர்பார்ப்பவர் ஆலோசனையை வாங்கவில்லை, எதிரொலியை வாங்குகிறார். எதிரொலி மலையடிவாரத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

நான்காவது, அவர் தம் சார்பில் விடை கூற ஒருவரை நியமித்து, அவருக்கு அதிகாரமும் அளித்திருப்பார். இதன் அருமை இடுக்கண் வந்தபோதே விளங்கும். 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளி மாளிகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. மறுநாளும் தீ அடங்கவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. எஞ்சியதையும் பின்னர் இடிக்க நேர்ந்தது. நகரம் முழுவதும் தொலைக்காட்சியில் அதனைக் கண்டது. இத்தகைய நேரத்தில் எந்நிறுவனத்தாரிடமும் செய்தியாளர் வினவுவன மூன்றே: உள்ளே எவரேனும் உளரோ? தீ எவ்வாறு மூண்டது? அண்டை வீட்டார் என் செய்வது? முதல் மணி நேரத்தில் இவற்றிற்கு விடை கூறுவோர் இல்லையெனின் வதந்தி விடை கூறிவிடும். உரிமையாளர் ஐவர் ஐந்து விதமாகக் கூறினும், ஒருவரும் கூறாது தொலைபேசியை அணைத்துவிடினும் விளைவு ஒன்றே. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியவில்லை, தெரிந்ததும் கூறுவோம் என்றும் உரைக்க ஒருவர் முன்னரே அமர்த்தப்பட்டிருத்தல் வேண்டும். தொடர்பாளர் அவருக்குச் சொற்களைச் செப்பம் செய்து தரலாம். அவருக்குப் பதிலாக உண்மையை உண்டாக்கித் தர இயலாது.

ஐந்தாவது, அவர் ஆகாததைக் கேளார். நாளைக் காலை இன்ன பத்திரிகையில் இன்ன பக்கத்தில் தம் படம் வரவேண்டும் என்று உறுதி கேட்போர் உளர். ஆசிரியருக்கு உரிய முடிவைத் தொடர்பாளர் விற்றல் இயலாது. விற்கிறேன் என்பவர் ஒன்று பொய் கூறுகிறார். அன்றேல், செய்தி போலத் தோன்றும் விளம்பரத்திற்குக் கையூட்டுக் கொடுக்கப் போகிறார். காசு பெற்றுக்கொண்டு செய்தி வெளியிடும் இவ்வழக்கத்தைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010-இல் அறிக்கை வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. இந்நோய்க்குப் பத்திரிகையாளரை மட்டும் பழித்துப் பயனில்லை. கொடுப்பார் இன்றிக் கொள்வார் இல்லை.

ஆறாவது, அவர் பேசிய ஊதியத்தைப் பேசிய நாளில் கொடுப்பார். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். சிறு நிலையங்களில் பணிபுரியும் இளைஞரின் மாதச் சம்பளம் கட்சிக்காரர் அனுப்பும் காசோலையையே நோக்கியிருக்கிறது. மக்களிடையே வள்ளல் என்று பெயரெடுக்க விரும்பும் ஒருவர், அப்பெயரை எடுத்துத் தருவோரின் கூலியை நிறுத்தி வைத்தல் நகைப்புக்கு இடமாம்.

ஆனால் ஊதியம் மிகுதியாகக் கொடுப்பதனாலேயே ஒருவர் நல்ல கட்சிக்காரர் ஆகிவிடார். லண்டனில் பெல் பாட்டிங்கர் என்னும் புகழ்பெற்ற நிலையம் இருந்தது. உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூரிலிருந்து தென்னாப்பிரிக்காவிற் குடியேறிப் பெருஞ்செல்வராகிய குப்தா சகோதரரின் நிறுவனம், மாதம் ஏறக்குறைய ஒரு லட்சம் பவுன் கொடுத்து 2016-இல் அந்நிலையத்தை அமர்த்தியது. அரசியல் செல்வாக்கால் ஆதாயம் பெற்றனர் என்று குப்தாக்கள்மீது எழுந்த பழியினின்று மக்கள் கவனத்தை வேறு பக்கம் திருப்ப, இனப் பகையைக் கிளறும் பிரசாரம் நடைபெற்றது. நிறவெறியால் நெடுங்காலம் புண்பட்ட நாட்டில் அப்புண்ணையே கிளறினர். உண்மை வெளிவந்ததும், 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்புச் சங்கம் பெல் பாட்டிங்கரை விலக்கியது. மற்றக் கட்சிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராய் நீங்கினர். அம்மாதத்திலேயே நிலையம் வீழ்ந்தது. அப்பிரசாரத்தில் கையிடாத பணியாளரும் வேலை இழந்தனர். மாதம் ஒரு லட்சம் பவுன் கொடுத்தவர் அந்நிலையத்தின் வாழ்நாளையே விலைக்கு வாங்கிவிட்டார் என்பது பின்னரே விளங்கியது.

பொய்யின் பயன் உடனே தெரிவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. அமெரிக்கச் சிகரெட்டுக் கம்பெனிகள் 1953 இறுதியில் ஹில் அண்டு நோல்டன் என்னும் பெரிய நிலையத்தை நாடின. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சியாளர் வெளியிடத் தொடங்கிய காலம் அது. 1954 ஜனவரி 4 அன்று நானூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அக்கம்பெனிகளின் அறிக்கை வெளிவந்தது. மக்கள் நலமே தமக்கு முதன்மையானது என்றும், ஆராய்ச்சிக்கு உதவுவோம் என்றும் அதில் உறுதி கூறினர். அவ்வுறுதியின் நிழலில் ஐயத்தை வளர்த்துக் காலத்தைக் கடத்தினர். அக்கம்பெனிகள் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது 2006-இல். அறிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையே 52 ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில் புகைத்து மாண்டோர்க்கு மக்கள் மன்றத்தில் தொடர்பாளர் இல்லை. எதிர்வாதம் இல்லாத மன்றம் என்று நாம் மேலே கூறியதன் பொருள் இதுவே.

இனி, இத்தொழிலுக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கு ஒரு சொல். கட்சிக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு முதலில் இராது. மேலுள்ளோர் ஏற்றுக்கொண்டவருக்காகவே எழுத நேரும். ஆயினும் கேள்வி கேட்கும் உரிமையை ஒருவரும் பறித்தல் இயலாது. ‘இக்கணக்கு எங்கிருந்து வந்தது? இதனை யார் சரிபார்த்தார்? இதனால் தீங்குறுவோர் யாவர்? அவர் இதற்கு என்ன கூறுவர்?’ என்னும் நான்கு கேள்விகளை எழுதுமுன் கேட்டுவிடுங்கள். 1914-இல் ஐவி லீ இவற்றைக் கேட்டிருப்பாராயின் அவ்வெளியீடுகள் அச்சேறியிரா. கேள்விக்கு மகிழ்ந்து விடை கூறுபவர் நல்ல கட்சிக்காரர். கேள்வியைக் கேட்டதும் சினப்பவரை நீங்கள் அறிந்துகொண்டீர்கள். அவ்வறிவே உங்களுக்குப் பாதுகாப்பு.

நிறுவனங்களின் தலைமையில் உள்ள பழைய மாணவர்க்கும் ஒரு சொல். தொடர்பு நிலையத்தின் வாயிலை மிதிக்குமுன், நாம் கூற விரும்புவதை நம்மால் தீங்குற்றவர் ஒருவர் எதிரில் அமர்ந்திருக்கக் கூற இயலுமா என்று தம்மையே வினவிப் பார்த்தல் நலம். இயலுமாயின், தொடர்பாளரிடம் செல்லுங்கள். அவர் உங்கள் சொல்லை நாடறியச் செய்வார். இயலாதாயின், முதலில் செல்ல வேண்டிய இடம் தீங்குற்றவரின் வீடே. அங்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்தபின், உரைப்பதற்கு உரிய செய்தி தானே பிறக்கும்.

அத்தகைய கட்சிக்காரர் சிலரேனும் நம் கல்லூரியினின்று தோன்றுவாராயின், இத்தொழிலுக்கு ஏதென்ஸ் நகரத்தார் வகுத்த விதிகளின் மற்றப் பாதியை நம்மவர் தம் ஒழுக்கத்தால் எழுதியவராவர்.